மீன்தண்ணிப் பாத்தி

உமரியைத் தின்கிறவர்கள் மரக்காணத்தில் நிறையப் பேர் உண்டு. உமரியைப் பயிர் செய்கிறவன் பிரபாகரன் ஒருவன்தான். உப்பள வரப்பில் யாரும் விதைக்காமல் முளைத்து, ஆடு கடித்தது போக மிச்சத்தைப் பெண்கள் கிள்ளிப்போய்க் குழம்பு வைக்கிற செடி அது. உப்புப் போடாமலே குழம்பு உப்பாக இருக்கும். அதைப் போய்த் தொட்டி கட்டி வளர்க்கிறானாம் என்று டீக்கடையில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சிரித்தார்கள். சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வண்டி வந்து, பொடி செய்து விற்கப்போகிறோம் என்று அதைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போன அன்றைக்குச் சிரிப்பு நின்றது. பிறகு எல்லோரும், நாங்கள் அப்போதே நினைத்தோம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

அந்த வண்டிதான் இப்போது பெட்டிகளோடு திரும்பி வந்து நின்றது.

தை மாதம். மழைத் தண்ணீரைக் கடல் ஓடைப் பக்கம் வடித்துவிட்டு, உப்புப் பாத்தித் தரையைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். இப்போது மிதிக்கிற மிதியில்தான் கோடையில் உப்பு வெளுப்பதும் கறுப்பதும் இருக்கிறது. பிரபாகரனின் மனைவி வைஜெயந்தி முட்டிவரை சேற்றோடு வரப்பேறி வண்டியிடம் வந்தாள்.

"அக்கா, சரக்கைத் திருப்பிட்டாங்க. எறக்கிக்கச் சொன்னாங்க," என்றான் டிரைவர்.

"அழுகிப்போச்சா?"

"அழுகலாம் இல்ல. டெஸ்ட்டுக்குக் குடுத்தாங்களாம். ஆர்செனிக் ஜாஸ்தியா வந்திருக்குதாம். நான்கூட இன்னாடா அதுன்னு கேட்டேன். பாஷாணம்ப்பா அதுன்னு சொல்லிட்டான் சூப்பர்வைசர்."

"கீரையில ஏதுப்பா பாஷாணம்?"

"எனுக்கு இன்னாக்கா தெரியும். நான் வண்டி ஓட்றவன். எறக்கிக்கினேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் அந்தச் சொல் ஊருக்குள் போய்விட்டது. எந்த வீட்டு உலையில் எந்த அரிசி கொதிக்கிறது என்று தெரியாதவர்களுக்குக்கூட பிரபாகரன் வீட்டுக் கீரையில் பாஷாணம் இருப்பது சாயங்காலத்துக்குள் தெரிந்திருந்தது.

உமரி வளர்ந்தது இரண்டு இடத்தில். முதலாவது, பிரபாகரன் கட்டிய மரத் தொட்டிகள். உப்பளத்துக்காரனுக்கு இரும்பின் மேல் நம்பிக்கை கிடையாது, உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். சிமென்ட் பொரிந்து உதிரும். பிளாஸ்டிக் விரிப்பை நண்டு ஓட்டை போடும். மரம்தான் நிற்கும், அதுவும் கரையான் தொடாத, தண்ணீரில் உளுத்துப்போகாத மரம். அப்படிப்பட்ட பலகைகளைத் திண்டிவனம் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் பார்த்தபோது, பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவன் முகம் அப்படி மலரவில்லை என்று வைஜெயந்தியே சொல்லிச் சிரிப்பாள். எந்த ஊரிலோ ஒரு தொழிற்சாலையில் சுடுதண்ணீரை ஆறவைக்கிற கோபுரத்தைப் பிரித்த பலகைகள் அவை. லேசாகப் பச்சை ஓடியிருந்தன. வருஷக்கணக்கில் தண்ணீரில் ஊறியும் ஒரு பூச்சி அரித்திருக்கவில்லை. குப்பத்துக் கலியபெருமாள், மரப்படகு காலத்துப் பழக்கத்தில், இடுக்குகளில் பஞ்சும் கீலும் அடைத்துக் கொடுத்தார். ஓடைத் தண்ணீரை விட்டு, உரத்தூளைக் கரைத்து, செடியை மிதவையில் நட்டால் தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் பிரபாகரன் பலகையைத் தட்டிக் காட்டுவான்.

இரண்டாவது, வைஜெயந்தி கட்டிய மண்பாத்தி. கம்பெனிக்காரன் சரக்குப் போதவில்லை என்றபோது வரப்போரமாக நீளத்தில் வெட்டினாள். கலியபெருமாளின் மனைவி பாப்பாத்தி குப்பத்தில் மீன் அரிந்து விற்கிறவள். அவள் மீன் கழுவிய தண்ணீரை டிரம்மில் பிடித்து ஷேர் ஆட்டோவில் போட்டு அனுப்புவாள். அதுதான் அந்தப் பாத்திக்கு உரம். மீன்தண்ணிப் பாத்தி என்றே அதற்குப் பெயராகிவிட்டது. பக்கத்தில் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டும், ஆனால் செடி தொட்டிச் செடியைவிடக் கொழுத்து நிற்கும்.

நல்லதை விற்றுவிட்டு மிச்சத்தைத் தின்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். தொட்டிக் கீரை முழுக்கச் சென்னைக்குப் போனது, போதாததற்குத்தான் நாற்றப் பாத்திக் கீரையைக் கலந்தார்கள், வீட்டுக் குழம்புக்கும் அதுதான். ஒருத்திக்கு மட்டும் விலக்கு. பாப்பாத்தியின் மகள் கலைமதி மாசமாகித் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். மசக்கையில் சோறு இறங்கவில்லை, உப்பும் புளிப்புமாக உமரி மட்டும் இறங்கியது. பிள்ளைத்தாய்ச்சிக்குப் போய் நாற்றத் தண்ணீரில் வளர்ந்ததையா கொடுப்பது என்று வைஜெயந்தி தொட்டியிலிருந்தே இளங்கொழுந்தாகக் கிள்ளி, திரும்பிப் போகிற டிரம்மோடு அனுப்பிக்கொண்டிருந்தாள். மசக்கை போன பிறகும் அந்த ருசி போகவில்லை.

வண்டி திரும்பிய அன்றைக்குச் சோற்றுத் தட்டின் முன்னால் பேச்சு முற்றியது.

"மொதல்ல தொட்டிச் சரக்கு மட்டும்தானே போச்சு, ஒரு பேச்சு வந்துச்சா?" என்றான் பிரபாகரன். "உன் மீன்தண்ணிப் பாத்தியைக் கலந்தோம், வண்டி திரும்பி வந்துடுச்சி. இதுக்கு மேல இன்னா ஆராய்ச்சி இருக்குது?"

"மொதல்ல போன சரக்கை டெஸ்ட் பண்ணாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"பண்ணாமயா எடுத்துக்கினு போயிருப்பான்?"

"அதத்தான் நானும் கேக்கறேன். யார் சொன்னது?"

மாமியார் பொன்னம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே நுழைந்தாள். "நாத்தம் புடிச்ச தண்ணியில வளர்ந்தது வெஷமா இல்லாம பன்னீராவா இருக்கும்? நான் அன்னிக்கே சொன்னேன்."

பொன்னம்மாள் அன்றைக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. குழம்பு நல்லா இருக்குது, இன்னும் கொஞ்சம் ஊத்து என்றுதான் சொன்னாள்.

"நாத்தம் வேற, வெஷம் வேற அத்தை," என்றாள் வைஜெயந்தி. "உப்பு கறுத்தா நாம இன்னா பண்றோம்? எல்லா பாத்தியையுமா வெட்டிப் போடறோம்? ஓடைத் தண்ணியில உப்பு இன்னா டிகிரி, மொத பாத்தியில இன்னா டிகிரி, அடுத்ததுல இன்னான்னு ஒண்ணொண்ணா பாத்துக்கினு வர்றோம் இல்ல? எங்க கெட்டுச்சோ அங்கதான் மண்வெட்டிய வெக்கிறோம்."

"டிகிரின்னா கண்ணாடிக் குழாய மெதக்க வுட்டா தெரிஞ்சிடும்," என்றான் பிரபாகரன். "பாஷாணத்துக்கு எதை மெதக்க வுடுவ?"

"அதுக்குன்னு படிச்சவங்க இருக்காங்க. கேக்கறேன்."

அவன் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான். வைஜெயந்தி ஒரு காரியத்தைக் கேட்கிறேன் என்றால் கேட்காமல் விடமாட்டாள் என்பது பதினோரு வருஷத்தில் அவன் கண்ட உண்மை.

அவளுக்குத் தெரிந்த படித்தவள் ஒருத்திதான். பெருமுக்கல் பெண் சங்கீதா. பாண்டியில் ஒரு காலேஜில் செடிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். போன வருஷம் வரப்பில் உமரி பிடுங்க வந்தவள், வெயில் தாங்காமல் இவர்கள் வீட்டில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் வைஜெயந்தி போன் போட்டாள்.

"ஆர்செனிக்னு பேரு ஒண்ணுதான்க்கா," என்றாள் சங்கீதா. "ஆனா அது பல உருவத்துல இருக்கும். கடல் மீன்ல, எறால்ல எல்லாம் ஒரு உருவம் நெறையா இருக்கும். அது நாம தின்னாலும் அப்படியே வெளிய போயிடும், உடம்பை ஒண்ணும் பண்ணாது. இன்னொரு உருவம் இருக்குது. பாஷாணம்னு சொல்றாங்களே, அது அதுதான். கம்பெனிக்காரங்க பாத்தது மொத்தக் கணக்கு. எந்த உருவம் எவ்ளோன்னு பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"நீ பிரிச்சுப் பாப்பியாம்மா?"

"எங்க மிஷின்ல பாக்கலாம், எங்க சார்கிட்ட கேட்டுடறேன். செடியும் வேணும், செடி நிக்கிற தண்ணியும் வேணும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்குங்க. காய வெக்காதீங்க, வேக வெக்காதீங்க, வெளிச்சம் படாம ஐஸ்ல கொண்டாங்க. சூடு பட்டா ஒரு உருவம் இன்னொண்ணா மாறிடும், அப்புறம் எது எதுன்னு எனக்கே தெரியாது."

ஐஸ் பெட்டிக்கு வைஜெயந்தி குப்பத்துக்குப் போனாள். கேட்கவே கூச்சமாக இருந்தது. ஊர்ப் பேச்சு அவளுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. பாப்பாத்தி சங்கரா மீனை அரிந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"என் தண்ணியில பாஷாணமாமே?"

"யாருக்கும் தெரியாதுக்கா. அதைப் பாக்கத்தான் பாண்டிக்குப் போறேன். ஐஸ் பொட்டி வேணும்."

"அப்பிடி இருந்துச்சின்னா நாங்கதானே மொதல்ல சாவணும்? பொறந்ததுல இருந்து இதுலயே கையை வெச்சிக்கினு இருக்கறேன்." அரிவாள்மனையிலிருந்து எழுந்து பெட்டியைக் கவிழ்த்துக் கழுவினாள். "எடுத்துக்கினு போ. என் தண்ணியத்தானே சந்தேகப்படறாங்க, என் பொட்டியிலயே போவட்டும். ஆனா வைஜி, எது வந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லணும். நல்லதா இருந்தாலும் சொல்லணும், கெட்டதா இருந்தாலும் நீதான் வந்து சொல்லணும். வேற எவ வாயில இருந்தும் நான் கேக்கக் கூடாது."

"சொல்றேன்க்கா."

வாசல் நிழலில் கலைமதி காலை நீட்டி உட்கார்ந்து, கிண்ணத்தில் உமரியும் காய்ந்த இறாலும் கலந்த பொரியலைத் தின்றுகொண்டிருந்தாள். "அக்கா, அடுத்த வாட்டி இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா அனுப்புங்க. பத்தவே மாட்டேங்குது," என்றாள். வைஜெயந்திக்கு மனம் லேசானது. இந்தப் பெண்ணுக்காவது தொட்டிக் கீரையைக் கொடுத்தோமே என்று நினைத்துக்கொண்டாள்.

சங்கீதா கேட்டது இரண்டு இடத்துச் செடியும் தண்ணீரும்தான். வைஜெயந்தி எடுத்தது அதைப்போல் இரண்டு பங்கு. ஓடையில் ஒரு பாட்டில், உரம் கரைக்கிற டிரம்மில் ஒன்று, தொட்டிகளில் தனித்தனியாக, பாப்பாத்தியின் டிரம்மில் ஒன்று, மண்பாத்தியில் ஒன்று. தண்ணீர் எந்த வழியாக வருகிறதோ அந்த வழியாகவே நடந்து, டிகிரி பார்க்கிற மாதிரியே எடுத்தாள். இரண்டு இடத்துச் செடியையும் பாட்டில்களையும் கறுப்புப் பையில் சுற்றி ஐஸில் புதைத்துக்கொண்டு பாண்டி பஸ் ஏறினாள். கண்டக்டர் மீன் கூடை என்று நினைத்துப் பின்னால் போகச் சொன்னார். போனாள்.

மொத்தக் கணக்கு முதலில் வந்தது. போனில் சங்கீதா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். இரண்டு கீரையிலும் அதிகம். மண்பாத்திக் கீரையில் இன்னும் அதிகம்.

"இது மொத்தம் மட்டும்தான்க்கா. பிரிச்சுப் பாக்கறது இன்னும் முடியல. மிஷினுக்கு வரிசை இருக்குது."

பிரபாகரன் அந்தக் கடைசி வரியைக் கேட்கவில்லை. அன்றைக்கே மண்வெட்டியை எடுத்துப்போய் மீன்தண்ணிப் பாத்தியின் வாய்க்காலை மண் போட்டு அடைத்தான். அந்த நேரம் பார்த்து டிரம்மோடு ஆட்டோ வந்தது, பாப்பாத்தியும் கூடவே வந்திருந்தாள்.

"இனிமே தண்ணி எடுத்தார வேணாங்க," என்றான்.

"ஏம்பா, ரிசல்ட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சி. உங்க பாத்தியிலதான் ஜாஸ்தி."

"என் பாத்தியா?" என்றாள் பாப்பாத்தி. "பாத்தி உன்னுது. தண்ணிதான் என்னுது." டிரம்மை இறக்காமலே ஆட்டோவைத் திருப்பச் சொன்னாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பாஷாணத் தண்ணீர் என்பது இரண்டு நாளில் பாஷாண மீன் ஆனது. பாப்பாத்தியின் கூடைக்கு முன்னால் நிற்கிறவர்கள் அடுத்த கூடைக்கு நகர்ந்தார்கள். வருஷக்கணக்காக வாங்கிய வீடுகள், இன்னிக்குக் கறி எடுத்துட்டோம் என்றன. விற்காத மீனை அவள் மணலில் கருவாட்டுக்குப் பரப்பினாள். வைஜெயந்தி கேள்விப்பட்டுக் கொதித்துப்போனாள்.

"அந்தப் பாத்தியைப் புடுங்கிடலாம்," என்றான் பிரபாகரன். "புடுங்கிட்டு, தொட்டிச் சரக்கு மட்டும் அனுப்பறோம்னு கம்பெனிக்குச் சொல்லிடலாம். கேப்பான்."

"தொட்டியிலயும் ஜாஸ்தின்னுதான் சொல்லியிருக்குது அந்தப் பொண்ணு."

"கம்மியான ஜாஸ்திதானே."

"எது கம்மி, எது ஜாஸ்தின்னு இன்னும் பிரிக்கல. பிரிச்சு வர்ற வரைக்கும் ஒரு செடி மேல கை வெக்கக் கூடாது. ரெண்டு எடத்துலயும்தான். ஒரு பொம்பளையோட வியாபாரத்தையே கெடுத்துட்டு உக்காந்திருக்கோம், அது தெரியுதா உங்களுக்கு?"

"நான் இன்னா ஊரைக் கூட்டியா சொன்னேன்?"

"வாய்க்காலை அடைச்சீங்க இல்ல? அது போதும் ஊருக்கு."

மறுநாளிலிருந்து அவள் மிதிக்கிற வேலைக்குப் போகுமுன் குடத்தில் ஓடைத் தண்ணீர் மொண்டு, அடைத்த பாத்தியின் செடிகளுக்கு ஊற்றினாள். வேலை முடிந்து வந்தும் ஊற்றினாள். பொன்னம்மாள் பார்த்துவிட்டு, செத்துப்போற செடிக்கு இன்னாத்துக்குத் தண்ணி என்று முனகினாள். சாகிறதா வாழ்கிறதா என்று தெரிகிற வரைக்கும் ஊற்றுவேன் என்றாள் வைஜெயந்தி.

சங்கீதா வரச்சொன்ன அன்றைக்குக் காலையிலேயே பஸ் பிடித்தாள். ஆய்வுக்கூடத்தில் அந்த மிஷினைக் காட்டி, செடியிலிருந்து எடுத்த சாறு ஒரு மெல்லிய குழாய்க்குள் போகும், ஒவ்வொரு உருவமும் அதனதன் நேரத்துக்குத்தான் மறுபக்கம் வெளியே வரும் என்று சங்கீதா சொன்னாள். வைஜெயந்திக்கு அது புரிந்தது. உப்பளத்திலும் எல்லாம் ஒரே நேரத்தில் விழுவதில்லை. முதலில் ஜிப்சம் படியும், அப்புறம் உப்பு பூக்கும், கடைசியில் கசப்புத் தண்ணீர் மிஞ்சும்.

"இது மண்பாத்திக் கீரை," என்று சங்கீதா திரையைத் திருப்பினாள். தட்டையான கோட்டில் ஒரு இடத்தில் மட்டும் மேடு எழும்பியிருந்தது. "பாத்தீங்களா, ஒரே மேடு. இதுதான் மீன்ல இருக்குற உருவம். பாத்தித் தண்ணியிலயும் இதேதான், அவங்க டிரம் தண்ணியிலயும் இதேதான். பாஷாணம் வர்ற எடம் இங்க. ஒண்ணுமே இல்ல பாருங்க."

வைஜெயந்திக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இதை எழுதித் தர்றியாம்மா?" என்றாள்.

"தர்றேன்க்கா. ஆனா இதையும் பாத்துடுங்க. இது உங்க தொட்டிக் கீரை."

இந்தக் கோட்டில் மீன் மேடு இல்லை. சற்று முன்னால் சங்கீதா விரல் வைத்துக் காட்டிய, ஒன்றுமே இல்லாத இடத்தில், சமவெளியில் பெருமுக்கல் மலை நிற்கிற மாதிரி ஒரு மேடு நின்றது.

"ஓடையிலயா இருக்குது?" வைஜெயந்தியின் குரல் இறங்கிவிட்டது.

"இல்ல. நீங்க வழிவழியா பாட்டில் எடுத்தாந்தது எவ்ளோ நல்லதாப் போச்சு தெரியுமா? ஓடைத் தண்ணியில இல்ல, உரம் கரைச்ச தண்ணியில இல்ல. தொட்டிக்குள்ள போன அப்புறம்தான் இருக்குது. தொட்டி எதுல கட்டினது?"

"பலகையில. கரையானே கிட்ட வராத பலகை."

"லேசா பச்சையா இருக்குமா?"

"ஆமா."

"கரையான் வராம இருக்கறதுக்குத்தான் அந்த மரத்துக்குள்ள மருந்து ஏத்தியிருப்பாங்க. செம்பு, குரோமியம், ஆர்செனிக். பச்சை வர்றது செம்பால. ஒரு சில்லு கொண்டாந்தீங்கன்னா உறுதியா சொல்லிடறேன், ஆனா எனக்கு சந்தேகம் இல்ல." சங்கீதா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "தொட்டிக் கீரையை வூட்ல யாரு சாப்பிட்டீங்க?"

"நாங்க யாரும் சாப்பிடல. எங்களுக்கு எப்பவும் நாத்தப் பாத்திக் கீரைதான். தொட்டிக் கீரை..."

கிண்ணத்தோடு காலை நீட்டி உட்கார்ந்திருந்த கலைமதி கண்ணுக்குள் வந்தாள். சங்கீதா தண்ணீர் கொடுத்து, தோளைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

"நான் டாக்டர் இல்லக்கா. உடனே உயிருக்கு ஆபத்துன்ற அளவு இது இல்ல, அது மட்டும் எனக்குத் தெரியும். ஆனா மாசமா இருக்கறவங்க இன்னியோட நிறுத்தணும். டாக்டர்கிட்ட ஒண்ணும் மறைக்காம சொல்லணும், யூரின் டெஸ்ட் எடுப்பாங்க. டெஸ்ட்டுக்கு முன்னாடி நாலு நாள் மீன் சாப்பிட வேணாம். மீன் உருவமும் சேந்துக்கினு கணக்கைக் கொழப்பிடும்."

பஸ் ஸ்டாண்டிலிருந்து பிரபாகரனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"நான் பொறுக்கியெடுத்த பலகை," என்றான். "இப்பவே ஒடைச்சிக் கொளுத்திடறேன்."

"கொளுத்தாதீங்க. பொகையிலயும் இருக்குமாம், சாம்பல்லயும் நிக்குமாம். செடியோட பிரிச்சு, தார்ப்பாயில கட்டி, ஆடு போவாத எடத்துல வைங்க. கையில பை மாட்டிக்கினு பிரிங்க."

"சரி. வைஜி, ஒண்ணு சொன்னா கேளு. பாப்பாத்தி அக்காகிட்ட, தண்ணி நல்ல தண்ணின்னு சொல்லு. நானே வந்து மன்னிப்பு கேக்கறேன். அந்தப் பொண்ணுகிட்ட, கீரை தீந்துபோச்சின்னு சொல்லிடு. இனிமே குடுக்காம வுட்டா போதும்ல? சொன்னா பயந்துடும் அது. ஊரும் நம்மள..."

"எது வந்தாலும் நான்தான் வந்து சொல்லணும்னு அந்தம்மா கேட்டுக்குனாங்க. நான் சரின்னேன்."

"வூட்டுக்கு வா, ரெண்டு பேரும் பேசிக்கினு பக்குவமா போவலாம்."

"இதுல பக்குவம் பண்றதுக்கு இன்னா இருக்குது? நான் நேரா குப்பத்துக்குத்தான் போறேன்," என்று போனை வைத்தாள்.

பஸ் நெடுக, முதலில் எதைச் சொல்வது என்று யோசித்து யோசித்து மாற்றிக்கொண்டே வந்தாள். நல்லதை முதலில் சொன்னால் கெட்டதற்கு லஞ்சம் கொடுத்த மாதிரி இருக்கும் என்று பட்டது.

பாப்பாத்தி மணலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். காக்காய்க்குக் காவலாகக் கலைமதி ஒரு குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். வைஜெயந்தி நின்றபடியே சொன்னாள்.

"அக்கா, கலைமதிக்கு நான் குடுத்தனுப்பின தொட்டிக் கீரையில பாஷாணம் இருக்குது. எங்க பலகையில இருந்து எறங்கியிருக்குது. உங்க தண்ணியில ஒண்ணும் இல்ல. மீன்ல இருக்குறது வேற, அது ஒண்ணும் பண்ணாது."

பாப்பாத்தி கையிலிருந்த கருவாட்டை வைத்தாள். "இன்னொரு வாட்டி சொல்லு."

வைஜெயந்தி இன்னொரு தரம் சொன்னாள். சங்கீதா சொன்னதையும், ஆர்செனிக் என்கிற பேர் உட்பட, ஒன்று விடாமல் சொன்னாள். கலைமதியின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

"தெரிஞ்சா குடுத்த?"

"இல்லக்கா. நல்லதுன்னு நெனச்சி குடுத்தேன். உங்க தண்ணியில வளந்தது நாத்தம்னு அதை நாங்க வெச்சிக்கினு, இதைக் குடுத்தேன்."

"எங்க தண்ணி நாத்தம்னு," என்றாள் பாப்பாத்தி. அந்தச் சொல்லை வாயிலேயே வைத்திருந்தாள். "தெரியாம குடுத்தாலும் குடுத்தது குடுத்ததுதான்."

"ஆமாக்கா."

வைஜெயந்தி தலை குனியாமல் நின்றாள். திட்டினால் வாங்கிக்கொள்வது, அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்திருந்தாள். பாப்பாத்தி திட்டவில்லை. குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு, மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். "எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போவணும்," என்று மகளைத் தூக்கிவிட்டாள். பிறகு வைஜெயந்தியைப் பார்த்தாள்.

"நீ இன்னா நின்னுக்கினு இருக்க? நீயும் வா. டாக்டர் கேட்டா எனுக்கு மீன் பேருதான் சொல்லத் தெரியும். இந்தப் பேரை நீதான் சொல்லணும்."

"வர்றேன்க்கா."

"நாலு நாளைக்கு மீன் இல்லாம எப்பிடிம்மா?" என்றாள் கலைமதி அழுகைக்கு நடுவில்.

"கருவாடும் கிடையாது. மோர்ச்சோறு தின்னு," என்றாள் பாப்பாத்தி.

ஆட்டோ நிற்கிற இடத்தில் மீன் கூடைக்காரிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். மூன்று பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் லட்சுமியம்மாள் என்கிற பெரிய வாய்க்காரி, "இன்னா பாப்பாத்தி, ரிசல்ட் வந்துடுச்சா? பாஷாணமா, பன்னீரா?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பாப்பாத்தி திரும்பி வைஜெயந்தியைப் பார்த்தாள்.

சங்கீதா எழுதிக் கொடுத்த தாளை வைஜெயந்தி பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். அதைப் படிக்க அங்கே யாரும் இல்லை. ஆட்டோக்காரர்கள், டீக்கடை, எதிர்ச்சாரி வரைக்கும் கேட்கிற மாதிரி வாயைத் திறந்தாள்.

"பாஷாணம் இருக்குது. பிரபாகரன் வூட்டுத் தொட்டியில இருக்குது. என் வூட்டுத் தொட்டியில. பாப்பாத்தி அக்கா தண்ணியில இல்ல, மீன்லயும் இல்ல. பாண்டியில மிஷின் வெச்சிப் பிரிச்சுப் பாத்தாச்சு. என் தொட்டிக் கீரையைத் தின்னது இந்தப் பொண்ணு, அதுக்குத்தான் இப்போ ஆஸ்பத்திரிக்குப் போறோம். இனிமே எவளாச்சும் பாஷாணம்னு பேசினா, பாப்பாத்தி பேரைச் சொல்லக் கூடாது. என் பேரைச் சொல்லுங்க. வைஜெயந்தி."

யாரும் சிரிக்கவில்லை. லட்சுமியம்மாள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எதற்கோ வேறுபக்கம் பார்த்தாள்.

"ஏறு," என்றாள் பாப்பாத்தி.

கலைமதியை நடுவில் உட்கார வைத்து இருவரும் இருபுறமும் உட்கார்ந்தார்கள். ஈசிஆர் ரோட்டில் ஏறியதும் உப்பளம் முழுக்கத் தெரிந்தது. மிதித்துக் காயவிட்ட பாத்திகளுக்கு அப்பால், பிரபாகரன் தனியாளாகப் பலகைகளைப் பெயர்த்துத் தார்ப்பாயில் அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு கையிலும் பால் கவர் மாதிரி எதையோ மாட்டியிருந்தான். பக்கத்தில் மண்வெட்டி கிடந்தது, மீன்தண்ணிப் பாத்தியின் வாய்க்காலில் அவன் போட்ட மண் இல்லை.

பாப்பாத்தி அதைப் பார்த்தாள். ஆட்டோ அந்த இடத்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

"வாய்க்காலைத் தொறந்துட்டான் உன் புருஷன்."

"ஆமாக்கா."

"தொறக்கட்டும். டாக்டர் இன்னா சொல்றாருன்னு கேட்டுக்கினுதான் நான் தண்ணியைப் பத்திப் பேசுவேன்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, மகளின் மடியைத் தாண்டிக் கையை நீட்டி, "அந்தப் பேரு இன்னா சொன்ன? சொல்லு, நானும் கத்துக்கறேன்," என்றாள்.

வைஜெயந்தி சொன்னாள். பாப்பாத்தி அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தரம் சரியாக வந்தபோது ஆஸ்பத்திரி வந்துவிட்டது.